டேஷ்போர்டில் ஒரு முள்: ஆம்ப் மீட்டர் போய் வோல்ட் மீட்டர் வந்த கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேருக்கு வீட்டிலோ பங்காளி வீட்டிலோ ஒரு லாரியாவது இருந்திருக்கும். அதனால் கதை உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

பழைய லாரியின் டேஷ்போர்டில் மூன்று நான்கு வட்டங்கள் இருக்கும். வேகம் காட்டுவது ஒன்று, ஆயில் பிரஷர் ஒன்று, தண்ணீர்ச் சூடு ஒன்று. இன்னொன்று, நடுவில் பூஜ்யம் போட்டு, ஒரு பக்கம் கூட்டல் குறியும் மறு பக்கம் கழித்தல் குறியும் இருக்கும். அதுதான் ஆம்ப் மீட்டர். இன்றைக்குப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் அதற்குப் பக்கத்தில் கடையில் வாங்கிய ஒரு வோல்ட் மீட்டரை மாட்டுகிறார்கள். ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு? இந்தக் கேள்விக்குள் நூறு வருஷத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த பாடமும் இருக்கிறது. மறந்தவர்கள் பயப்பட வேண்டாம், இப்போது மார்க் போட மாட்டேன்.

வோல்ட் என்ற பெயர் இத்தாலிக்காரர் அலெசாண்ட்ரோ வோல்டாவுடையது. 1800-இல் துத்தநாகத் தகட்டையும் செம்புத் தகட்டையும் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையோடு அடுக்கி, தொடர்ந்து மின்சாரம் தரும் முதல் அடுக்கைச் செய்தவர். ஆம்பியர் என்பது பிரெஞ்சுக்காரர் ஆம்பேரின் பெயர். இரண்டையும் அலகுகளாக வைத்துக்கொள்வது என்று 1881-இல் பாரிஸில் கூடிய மின்சார மாநாட்டில்தான் முடிவு செய்தார்கள். தொட்டியும் குழாயும் வைத்து நான் வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். குழாயில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் போகிறது என்பது ஆம்பியர். கதை முழுக்க இந்த இரண்டும்தான்.

லாரியில் இருக்கும் ஈய பேட்டரிக்கும் வயது அதிகம். காஸ்தோன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-இல் செய்தது. மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே பேட்டரி பிறந்துவிட்டது! ஆனாலும் ஆரம்ப காலத்து வண்டிகளுக்குப் பேட்டரி பெரிதாகத் தேவைப்படவில்லை. முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றினால் இன்ஜின் கிளம்பும். தீப்பொறிக்கு மேக்னெட்டோ இருந்தது. விளக்குக்குக் கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவிட்டு வரும் வாயுவை எரித்தார்கள். டேஷ்போர்டில் மின்சார முள் எதுவும் கிடையாது, அளப்பதற்கு ஒன்றும் இல்லாததால்.

ஹாண்டில் சுற்றுவது சாதாரண வேலை இல்லை. இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும், தாடை உடையும். அதற்கு முடிவு கட்டியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். (அவரும் சின்ன வயதில் கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காக.) அவர் செய்த மின்சார செல்ஃப், 1912-ஆம் வருஷத்து காடிலாக் கார்களில் வந்தது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்து சேர்ந்தன. செல்ஃப் வேண்டுமானால் பெரிய பேட்டரி வேண்டும். பேட்டரி வேண்டுமானால் அதை நிரப்ப டைனமோ வேண்டும். டைனமோ நிரப்புகிறதா இல்லையா என்று தெரிய ஒரு முள் வேண்டும்.

அந்த முள் ஏன் ஆம்ப் மீட்டராக வந்தது, வோல்ட் மீட்டராக ஏன் வரவில்லை என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. இரண்டுமே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். காந்தத்துக்கு நடுவே ஒரு சின்னச் சுருள், அதில் ஒரு முள். சுருளுக்குப் பக்கத்தில் தடித்த கம்பியைப் பாலமாகப் போட்டால் ஆம்ப் மீட்டர். சுருளுக்கு முன்னால் பெரிய மின்தடையை வைத்தால் வோல்ட் மீட்டர். 1880-களிலேயே தார்சோன்வாலும் எட்வர்ட் வெஸ்டனும் நல்ல மீட்டர்கள் செய்துவிட்டார்கள். எனவே செய்யத் தெரியாமல் விட்டது இல்லை.

காரணம் டைனமோவில் இருந்தது. 1920-களில் நிறைய வண்டிகளில் மூன்று பிரஷ் டைனமோ இருந்தது. அதில் கட்டுப்படுத்தியது வோல்ட்டை இல்லை, ஆம்பியரை. மூன்றாவது பிரஷைக் கொஞ்சம் நகர்த்தினால் பேட்டரிக்குப் போகும் ஆம்பியர் கூடும், எதிர்ப்பக்கம் நகர்த்தினால் குறையும். பேட்டரி நிரம்பிவிட்டதா என்று அந்த டைனமோவுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பகலில் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் பேட்டரி கொதிக்காமல் இருக்கப் பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு போனார்கள் என்றால் இப்போது சிரிப்பு வரும். அன்றைக்கு அதுதான் சரியான வழி. அப்படிப்பட்ட டைனமோவுக்கு எத்தனை ஆம்பியர் போகிறது, எத்தனை வருகிறது என்று காட்டும் முள்தான் பொருத்தம்.

1930-களில் வோல்டேஜ் ரெகுலேட்டர் பரவியது. டைனமோ தன் வோல்ட்டை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் பார்த்துக்கொண்டது. பேட்டரி நிரம்ப நிரம்ப ஆம்பியர் தானாகக் குறைந்தது. நியாயமாகப் பார்த்தால் வோல்ட் மீட்டர் அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை. டிரைவர்கள் ஆம்ப் மீட்டரின் மொழிக்குப் பழகிவிட்டார்கள், வண்டி செய்கிறவர்களும் மாற்றவில்லை. பழக்கம் இன்னும் முப்பது வருஷம் ஓடியது.

நம்மூருக்கு வருகிறேன். சென்னையில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. முதலில் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1954-இல், டாடாவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் ஒப்பந்தம் போட்டு, டாடா மெர்சிடிஸ் லாரிகள் வந்தன. முன்னால் அந்த மூன்று முனை நட்சத்திரம் இருந்த லாரிகளை உங்கள் தாத்தாமார் ஓட்டியிருப்பார்கள். 1961-இல் சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஆரம்பித்து, செல்ஃபும் டைனமோவும் உள்ளூரிலேயே செய்தார்கள். 1975-இல் கோயம்புத்தூரில் பிரிகால் வந்தபோது டேஷ்போர்டு மீட்டர்களும் நம் பக்கத்துச் சரக்காகின. பர்மிங்காமின் ஜோசப் லூகாஸ் விளக்கு விற்றுப் பெரிய ஆளானவர். இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் அவரை ‘இருட்டின் இளவரசர்’ என்று இன்றும் கிண்டல் செய்வார்கள். இங்கிலாந்துக்காரர்களின் கிண்டல்தான் இது, என் வார்த்தை இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் லாரிகள் டீசல் வண்டிகள். பெட்ரோல் இன்ஜினுக்கு பிளக்கில் தீப்பொறி வேண்டும், எனவே பேட்டரி சுத்தமாகப் படுத்தால் வண்டி இருமி நின்றுவிடும். டிரைவருக்கு உடனே தெரியும். பழைய டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். பம்ப்பும் நாசிலும் எல்லாம் இரும்பு வேலை. நிறுத்துவதற்குக்கூடச் சாவி இல்லை, ஒரு கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டும். பேட்டரியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது கன்னியாகுமரி வரை ஓடும். அதனால்தான் டீசல் லாரியில் மின்சாரக் கோளாறு சத்தம் போடாமல் வரும். வண்டி நன்றாக இழுக்கும், விளக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகும். மஞ்சள் சிவப்பாகும்போது நடு ராத்திரியாக இருக்கும். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினால் செல்ஃப் எடுக்காது, பின் விளக்கும் எரியாது.

எங்கள் பெரிய மாமா 1960-களில் தருமபுரி, பெங்களூரு பக்கம் லாரி ஓட்டினார். டைனமோ வண்டி. அந்த முள்ளைப் பற்றி அவர் பேசுவது, மாட்டைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். “முள்ளு இந்தப் பக்கம் சாஞ்சா பேட்டரி தீனி திங்குதுன்னு அர்த்தம், அந்தப் பக்கம் சாஞ்சா நம்ம பேட்டரிய வண்டி திங்குதுன்னு அர்த்தம்” என்பார். செக்போஸ்ட்டில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோவுக்கு வேகம் போதாது. கட்-அவுட் டக்கென்று விட்டுவிடும், முள் கழித்தல் பக்கம் சாயும். உடனே ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிலா வெளிச்சம் நன்றாக இருந்தால் நேர் ரோட்டில் சிறிய விளக்கோடு ஓட்டியதும் உண்டாம். நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காலம் அப்படி.

அவர் கூட ஓடிய இன்னொரு வண்டி தோப்பூர் மலைப் பாதையில் ஒரு ராத்திரி நின்றுவிட்டது. ஃபேன் பெல்ட் அறுந்து வெகு நேரம் ஆகியிருந்தது. முள் செத்துப்போய் மாதக்கணக்காகி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பின் விளக்கு எரியாததால் வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் கல்லும் மரக்கிளையும் அடுக்கினார்கள். கிளையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கிளீனர் பையன் மேல் கீழே இறங்கி வந்த வண்டி ஏறிவிட்டது. பதினாறோ பதினேழோ வயது. மாமா அந்தக் கதையை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் ஆயில் பார்ப்பதற்கு முன் அந்த முள்ளைப் பார்ப்பார்.

முள் எப்படி மாறியது என்பதற்கு வருகிறேன். இரண்டு காரணங்கள்.

முதலாவது ஆல்டர்னேட்டர். டைனமோவில் சுற்றுகிற பகுதியிலிருந்தே முழு மின்சாரமும் பிரஷ் வழியாக வெளியே வர வேண்டும். ரொம்ப வேகமாகச் சுற்றினால் காமுடேட்டர் தாங்காது. எனவே பெரிய புல்லி போட்டு நிதானமாகத்தான் சுற்றவிட முடியும். அதன் விளைவுதான் இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஒன்றும் வராதது. ஆல்டர்னேட்டரில் முக்கியமான மின்சாரம் நிற்கிற சுருளிலிருந்து வருகிறது. சுற்றுகிற பகுதிக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் போதும். சின்னப் புல்லி போட்டு இன்ஜினைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுற்றவிடலாம். ஆனால் அதில் வருவது மாறுதிசை மின்சாரம், அதைப் பேட்டரிக்கு நேராக்க வேண்டும். அதற்கு முன்னால் செலினியம் தகடுகள் வைத்த பெரிய பெட்டி வேண்டியிருந்தது. சிலிக்கான் டையோடு மலிவானதும் விரல் நகம் அளவுள்ள ஆறு டையோடுகள் அந்தப் பெட்டியின் வேலையைச் செய்தன. 1960-இல் கிரைஸ்லரின் வேலியன்ட் கார் ஆல்டர்னேட்டரோடு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் உலகம் முழுக்க டைனமோ ஓரம்போனது.

இரண்டாவது காரணம் சுமை. ஆம்ப் மீட்டர் தொடர் இணைப்பில் இருக்கும். அதாவது, செல்ஃப் தவிர வண்டியின் மொத்த மின்சாரமும் டேஷ்போர்டு வரை தடித்த ஒயரில் வந்து, அந்தச் சின்ன மீட்டரின் இரண்டு போல்ட் வழியாகப் போய்த்தான் திரும்ப வேண்டும். கணக்குப் போடுங்கள். 45 வாட் ஹெட்லைட் இரண்டு, மொத்தம் 90 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 7.5 ஆம்பியர். மற்ற சின்ன விளக்கெல்லாம் சேர்த்தாலும் பத்துப் பன்னிரண்டு. 30 ஆம்பியர் மீட்டர் தாராளம். பிறகு என்ன ஆனது? கூடுதல் விளக்கு, கேபினுக்கு ஃபேன், பாட்டுப் பெட்டி, சாமி படத்துக்கு ஓடும் விளக்கு, ஹாரன் மேல் ஹாரன், செல்போன் சார்ஜர். அத்தனையும் அந்த இரண்டு போல்ட் வழியாக. போல்ட்டில் நட்டு கொஞ்சம் லூஸ் ஆனால் அங்கே தடை கூடும், சூடாகும், ஒயர் தோல் உருகும். டேஷ்போர்டுக்குப் பின்னால், நெருப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அமெரிக்காவில் அந்தக் காலத்துக் கார்களையும் பிக்-அப்களையும் வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி இன்றும் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்கிறார்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து ஒயர் உள்ளே வரும் இணைப்புப் பெட்டி கருகுவது அங்கே பிரபலமான நோய்.

(பெரிய லாரிகள் இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டி 24 வோல்ட்டுக்குப் போனதும் இதே கணக்கால்தான். அதே 90 வாட்டுக்கு 3.75 ஆம்பியர் போதும். ஆம்பியர் பாதியானால் ஒயரில் வீணாகும் சூடு பாதி இல்லை, கால் பங்கு. ஏன் என்று கீழே எழுதுகிறவர்களுக்குப் பாராட்டு உண்டு.)

வோல்ட் மீட்டருக்கு இந்தத் தொந்தரவு இல்லை. அது பக்க இணைப்பில் உட்கார்ந்திருக்கும். நூல் மாதிரி ஒயர் போதும், அதன் வழியாகப் போவது மிகச் சிறிய மின்சாரம். ஆக 1970-களுக்குப் பிறகு மீட்டர் வைத்த வண்டிகளில் வோல்ட் மீட்டர் வந்தது. ஆனால் நிறைய வண்டிகளில் அதுவும் வரவில்லை. பேட்டரி படம் போட்ட ஒரு சிவப்பு விளக்கோடு விட்டுவிட்டார்கள். அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘முட்டாள் விளக்கு’. எனக்கும் அதன் மேல் மரியாதை கிடையாது. ஆல்டர்னேட்டர் முழுக்கச் செத்தால்தான் அது எரியும். பெல்ட் வழுக்கி அரைகுறையாகச் சார்ஜ் ஆனால் சொல்லாது. ரெகுலேட்டர் கெட்டு 16 வோல்ட் போய், பேட்டரி கொதித்து, பல்பு வரிசையாகப் பீஸ் போனாலும் சொல்லாது. பரீட்சை முடிந்த பிறகு பெயில் என்று மட்டும் சொல்கிற வாத்தியார் மாதிரி. நடுவில் அறுபது மார்க் நாற்பது ஆனதைச் சொன்னால்தானே பிள்ளை தேறும்?

வண்டி வைத்திருப்பவர்கள் கடையில் வோல்ட் மீட்டர் வாங்கித் தாங்களே மாட்டுவது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

சில மாதம் முன்பு என் மாணவர் ஒருவர் கூப்பிட்டார். அப்பா ஓட்டிய பழைய 12 வோல்ட் லாரியை விற்க மனமில்லாமல், உள்ளூரில் செங்கல், மணல் லோடுக்கு வைத்து ஓட்டுகிறார். “ஏனுங்க சார், ஆம்ப் மீட்டர் இருக்குது, எலக்ட்ரீஷியன் வோல்ட் மீட்டரும் போடச் சொல்றாருங்க. காசு பிடுங்கறதுக்குச் சொல்றாருங்களா?” என்றார். இல்லை தம்பி, நல்ல ஆலோசனைதான் என்றேன். மாட்டும் அன்று என்னையும் பட்டறைக்குக் கூட்டிப்போனார். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். ரிட்டயர்டு ஆனதில் இது ஒரு லாபம்.

எலக்ட்ரீஷியன் தம்பி முதலில் செய்ததே எனக்குப் பிடித்தது. பேட்டரியின் எந்த முனை பாடி எர்த் என்று பார்த்தார். 1960-கள் வரை பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் முனையைப் பாடியில் கட்டும் வழக்கம் இருந்தது. பழைய வண்டியில் இதைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. இந்த வண்டியில் நெகட்டிவ்தான் எர்த். பிறகு நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

மீட்டருக்குப் பின்னால் மூன்று இணைப்பு. பாசிட்டிவ் ஒன்று, எர்த் ஒன்று, ராத்திரியில் முகப்பு தெரிவதற்கு விளக்கு ஒயர் ஒன்று. பாசிட்டிவை நேராகப் பேட்டரியிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் வண்டி நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு முனையிலிருந்து எடுத்து, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் பீஸ் வைத்தார். பீஸ் மீட்டர் பக்கத்தில் இருந்து பயனில்லை. நடுவில் ஒயர் தேய்ந்து பாடியில் பட்டால் அதைக் காப்பாற்றத்தான் பீஸ். தகரத்தில் ஒயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டார். விளக்கு ஒயரை டேஷ்போர்டு விளக்கோடு சேர்த்தார்.

முதல் தடவை சாவியைப் போட்டதும் முள் 12-ஐத் தாண்டவில்லை. நான் மல்டிமீட்டரைப் பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தேன், 12.5. அரை வோல்ட் எங்கே போனது? பாசிட்டிவ் எடுத்த முனையிலிருந்துதான் ஃபேனும் ஹாரனும் போயின. பழைய ஒயர், பழைய சுவிட்ச். சுமை ஏறும் ஒயரில் வழியிலேயே வோல்ட் குறையும் என்பது ஓம் விதி. மீட்டர் பொய் சொல்லவில்லை, தான் நிற்கும் இடத்து உண்மையைத்தான் சொன்னது. அதிகச் சுமை இல்லாத வேறு முனைக்கு மாற்றியதும் 12.4 காட்டியது. போதும். அடுத்து இண்டிகேட்டர் போட்டபோது முள்ளும் கூடவே கண்ணடித்தது. அது எர்த் கோளாறு. டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரே துருப்பிடித்த திருகில் எர்த் எடுத்திருந்தன. பெயிண்ட்டைச் சுரண்டிச் சேஸிஸில் தனியாக எர்த் கொடுத்ததும் முள் அடங்கியது.

பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்தார்கள். செல்ஃப் அடிக்கும்போது 10 வரை இறங்கி ஏறியது, அது இயல்பு. ஓடிக்கொண்டிருக்கும்போது 13.9. மாணவர் முகத்தில் சிரிப்பு. ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போடுங்கள் என்றேன். முள் மெல்ல மெல்ல இறங்கி 12.3-இல் வந்து நின்றது. ஆம்ப் மீட்டர் கழித்தல் பக்கம் லேசாகத்தான் சாய்ந்திருந்தது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் தொளதொளவென்று இருந்தது, உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. புது பெல்ட் போட்டு இறுக்கிய பிறகு எல்லா விளக்கும் எரியும்போதே 13.6 நின்றது. எத்தனை நாளாக ராத்திரி லோடில் அந்த வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டு ஓடியதோ.

வண்டி வைத்திருப்பவர்கள் இந்த எண்களை எழுதி டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளலாம். இன்ஜின் நின்று சில மணி நேரம் ஆன பிறகு 12.6 என்றால் பேட்டரி நிறைவு. 12.2 என்றால் சுமார் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.4 வரை நல்லது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள், பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் சீக்கிரம் வற்றுவதும் அதனால்தான். 24 வோல்ட் வண்டிக்கு எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள். அதற்கென்று இருக்கும் மீட்டரையே வாங்குங்கள். 12 வோல்ட் மீட்டரை ஒரு பேட்டரியில் மட்டும் கட்டினால் இன்னொன்று கெட்டது தெரியாது.

அந்த ஆம்ப் மீட்டரை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அதன் இரண்டு தடித்த ஒயர்களையும் ஒரே போல்ட்டில் சேர்த்து இறுக்கிவிட்டார் எலக்ட்ரீஷியன். மின்சாரம் இனி மீட்டருக்குள் போகாது, நெருப்புப் பயமும் இல்லை. மீட்டரைக் கழற்றப் போனபோது மாணவரின் அப்பா தடுத்துவிட்டார். “அது பாட்டுக்கு இருக்கட்டும் வாத்தியாரே, ஓட்டை தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்” என்றார். காரணம் ஓட்டை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை.

இன்னும் ஒரு விஷயம். உங்கள் வீட்டில் 1960-கள், 70-களில் லாரியோ பஸ்ஸோ ஓட்டிய பெரியவர்கள் இருந்தால், டைனமோ வண்டியில் ராத்திரி எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஹெட்லைட்டை அணைத்து ஓட்டிய கதை எங்கள் மாமா ஒருவருடையதா, எல்லோரும் செய்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை. பழைய டேஷ்போர்டு படம் இருந்தாலும் போடுங்கள். நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறைகளில் இருக்கும் நம் பிள்ளைகள், கழற்றிப் போட்ட ஆம்ப் மீட்டர் ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாமல் எனக்குச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கிடைத்தால் போதும். பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றைப் பிரித்துக் காட்டலாம் என்று அங்கே இருக்கும் டீச்சரிடம் பேசி வைத்திருக்கிறேன்.